பையன் நன்றாக நடக்கிறான், ஓடுகிறான். அவனுக்கு ப்ளூ பேட்ஜ் கேட்பது சரியா?

அகிலன்அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறவர்கள், குறிப்பாகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகள் போகும் இடத்துக்குப் பக்கத்தில் கார் நிறுத்துவதற்கான சலுகை அட்டை) வாங்கிய அனுபவம் இருக்கிறவர்கள், கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் என்று நான்கு வயதில் சொன்னார்கள். பேச்சு மிகக் குறைவு. கை, கால், உடம்பு எல்லாம் நல்ல ஆரோக்கியம். ஓட ஆரம்பித்தால் என்னால் பிடிக்க முடியாது, என் கவலையே அதுதான். வண்டி பின்னால் எடுக்கும்போது வரும் பீப் சத்தம், யாராவது திடீரென்று ஹாரன் அடிப்பது, குழந்தை அழுவது, இதில் ஏதாவது ஒன்று காதில் விழுந்தால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எந்தப் பக்கம் என்றே பார்க்காமல் ஓடிவிடுவான். போன மாதம் ஒரு கார் பார்க்கில் கடைசி வரிசையில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. பாதி வழி நடந்திருப்போம். கையை உதறிக்கொண்டு ஓடினான். ஒரு கார் பிரேக் போட்டு, அவனுக்கும் அதற்கும் ஒரு முழம் இடைவெளியில் நின்றது. ஓட்டி வந்த பெண்மணி இறங்கி வந்து என்னைவிட அதிகமாக அழுதார். அன்றிலிருந்து அவனைத் தனியாக வெளியே கூட்டிப்போக எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, ப்ளூ பேட்ஜ் கேட்கலாம் என்று வீட்டில் பேச்சை எடுத்தேன். மாமியார் "அவனுக்குக் கால் இல்லையா என்ன, ஏன் வாயால் சொல்லிக்கொள்கிறாய்" என்று விட்டார். கணவர் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அவருக்கும் மனம் ஒப்பவில்லை. அந்த அட்டையில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருக்கிறது, அது நடக்கவே முடியாதவர்களுக்கான இடம், நாம் போய் நிறுத்தினால் ஒருத்தர் இறங்க முடியாமல் திரும்பிப் போவார், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்குள்ளும் பாதி மனசு அதையேதான் சொல்கிறது.

இருந்தாலும் விண்ணப்பம் போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். "நடப்பதில் சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை" என்று கடிதம். நடையைப் பற்றிய கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன், எவ்வளவு தூரம் நடப்பான் என்ற இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் என்று போட்டேன். அவனுக்கு டிஎல்ஏ (மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை) வருகிறது, அதில் மொபிலிட்டி, அதாவது நடமாட்டப் பகுதி குறைந்த விகிதம்தான்.

நான் கேட்க வந்தது இதுதான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உண்மையிலேயே இந்தப் பேட்ஜ் உண்டா, இல்லை யாரோ சொன்னதைக் கேட்டு நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனா? மறுபடி கேட்கலாமா? அப்புறம் இது கிடைத்தாலும், பையன் துள்ளிக் குதித்து இறங்குவதைப் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தாழ்வாரம்:

நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் தப்பான கேள்விக்குச் சரியான பதில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சில வருஷம் ஒரு உள்ளாட்சிக் கவுன்சிலுக்காக இந்த விண்ணப்பங்களைப் படித்து மதிப்பீடு செய்திருக்கிறேன். உங்களுடையது போல நூற்றுக்கணக்கில் பார்த்தாயிற்று.

முதலில் உங்கள் கணவருக்கு. இந்தத் திட்டம் 1970-இல் வந்த சட்டத்திலிருந்து பிறந்தது. ஆல்ஃப் மாரிஸ் என்ற எம்பி தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டம் அது. 1971-இல் பேட்ஜ் நடைமுறைக்கு வந்தபோது அதன் நிறம் ஆரஞ்சு, 2000-இல்தான் நீலமானது. ரொம்ப காலத்துக்கு அவர் நினைப்பது போலத்தான், கால் நடையை வைத்தே முடிவு செய்தார்கள். 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் விதி மாறிவிட்டது. இப்போது விதியில் இருப்பது ஏறக்குறைய இப்படி: நடக்கவே முடியாதவர், அல்லது நடக்கும்போது மிகக் கடுமையான சிரமப்படுகிறவர், அந்தச் சிரமம் மிகக் கடுமையான மன உளைச்சலாகவும் இருக்கலாம், அல்லது நடக்கும்போது தனக்கோ பிறருக்கோ பெரிய தீங்கு நேரும் அபாயத்தில் இருப்பவர். உங்கள் பையன் இந்தக் கடைசி வகை. எவ்வளவு தூரம் நடப்பான் என்பது அவன் விஷயத்தில் கணக்கிலேயே வராது. காரிலிருந்து வாசல் வரைக்கும் போய்ச் சேருவதற்குள் அவனுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது உதவித்தொகை விஷயம். டிஎல்ஏ மொபிலிட்டியில் உயர்ந்த விகிதம் இருந்தால் பேட்ஜ் தானாகவே கிடைக்கும். குறைந்த விகிதத்துக்கு அப்படிக் கிடையாது. ஆனால் "தானாகக் கிடைக்காது" என்பதை "கிடைக்காது" என்று நிறைய பேர் படித்துக்கொள்கிறார்கள், சில நேரம் கவுன்சில் ஆட்களே கூட. உங்களுக்கு இருப்பது மதிப்பீட்டு வழி. அங்கே காகிதத்தில் நீங்கள் எழுதுவதும், பையனைத் தெரிந்த நிபுணர்கள் எழுதித் தருவதும்தான் எல்லாம்.

பெரியவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், தேடி வருகிறவர்களுக்கு உதவும். பிப், அதாவது பெரியவர்களுக்கான மாற்றுத்திறன் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு, அதற்கான மதிப்பீட்டில் "நடமாட்டம்" பகுதியில் 8 புள்ளி அல்லது அதற்கு மேல் இருந்தால் தானாகக் கிடைக்கும். "பயணத்தைத் திட்டமிட்டுப் போவது" பகுதியில், மன உளைச்சல் தாங்க முடியாமல் எந்தப் பயணமுமே போக இயலாது என்ற காரணத்துக்காக 10 புள்ளி கொடுத்திருந்தாலும் தானாகக் கிடைக்கும். அதே பகுதியில் 12 புள்ளி இருந்தால், அதாவது தெரிந்த வழியில்கூட இன்னொருவர் துணை இல்லாமல் போக முடியாது என்றால், இங்கிலாந்தில் தானாகக் கிடைக்காது! அவர்களும் மதிப்பீட்டு வழியில்தான் வர வேண்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அந்த 12 புள்ளிக்கு நேரடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். அதிகப் புள்ளி வாங்கியவருக்குக் கதவு மூடியிருப்பதை எத்தனையோ பேரிடம் விளக்கியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கே அது நியாயமாகப் படவில்லை.

இனி உங்கள் விண்ணப்பம். மறுபரிசீலனை கேளுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது கவுன்சிலின் கடமை, அந்தக் காரணம் உங்கள் கையில் இருக்கிறது. அவர்கள் நடையை மட்டும் பார்த்திருக்கிறார்கள், அபாயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதையே எழுதிக் கேளுங்கள். நீதிமன்றம் மாதிரி மேல்முறையீடு என்று ஒன்று இதில் கிடையாது. கவுன்சில் மறுபடியும் சரியாகப் பார்க்கவில்லை என்றால் உள்ளாட்சி ஓம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) புகார் செய்யலாம், முடிவெடுத்த முறையில் தவறு இருந்ததா என்று அவர்கள் பார்ப்பார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் அதுவரை போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் புதிதாகவே விண்ணப்பியுங்கள், அதற்கும் தடை இல்லை. கட்டணம் அதிகபட்சம் 10 பவுண்டுதான்.

எழுதும்போது "ஆட்டிசம் இருக்கிறது, ரொம்பக் கஷ்டம்" என்ற வகை வாக்கியங்கள் வேண்டாம். அதைப் படித்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, ஆட்டிசம் உள்ள எத்தனையோ பேருக்குப் பேட்ஜ் தேவையே இல்லை. போன மாதம் நடந்ததாக இங்கே எழுதினீர்களே, அதை அப்படியே எழுதுங்கள். எந்தச் சத்தம், எத்தனை அடி ஓடினான், நீங்கள் அப்போது கையைப் பிடித்திருந்தீர்களா, இது வாரத்தில் எத்தனை முறை, அவனை அடக்க இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள், அவை ஏன் போதவில்லை. கைப்பட்டை, முதுகுப்பை வார், காதுமூடி எதை முயன்றிருந்தாலும் சொல்லுங்கள். "கூட ஒரு பெரியவர் இருந்தால் போதாதா" என்ற கேள்வி மதிப்பிடுகிறவர் மனதில் கட்டாயம் வரும், அதற்குப் பதில் அவர் கேட்கும் முன்பே காகிதத்தில் இருக்க வேண்டும்.

சக்கரம்:

நான் பதினாறு வருஷமாக வீல்சேரில் இருக்கிறேன், சொந்தமாகக் கார் ஓட்டுகிறேன். உங்கள் கணவர் சொன்ன அந்த "இறங்க முடியாமல் திரும்பிப் போகிறவர்" நான்தான். அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேட்ஜ் இடத்தின் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டு 1.2 மீட்டர் விட்டிருப்பார்களே, பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் வாசல். கதவை முழுசாகத் திறந்து, சக்கரங்களையும் சட்டத்தையும் தனித்தனியாக வெளியே எடுத்து, மாட்டி, அதன் மேல் உடம்பை நகர்த்தி உட்கார வேண்டும். சாதாரண இடத்தில் அது முடியவே முடியாது. ஒருமுறை திரும்பி வந்து பார்த்தால் அந்தக் கோட்டின் மேல் ஒரு கார். உள்ளே போக வழியில்லை. மழையில் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். வந்தவர் "ஐந்து நிமிஷம்தானே" என்றார்.

2019-இல் விதியைத் திறந்துவிட்டபோது நான் எதிர்த்துப் பேசியிருக்கிறேன். இப்போதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. யாருக்கெல்லாம் கொடுக்கலாம் என்ற பட்டியலை நீட்டினார்கள், இடத்தை நீட்டவில்லை. இங்கிலாந்தில் மட்டும் 25 லட்சத்துக்கும் அதிகமான பேட்ஜ்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நான் போய்வரும் இடங்களில் பழைய நான்கு இடம் இன்றைக்கும் நான்குதான்.

ஆனால் அது உங்கள் பையன் தப்பு இல்லை, உங்கள் தப்பும் இல்லை. அந்தக் கார் ஒரு முழத்தில் நின்றது என்று படித்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. கேளுங்கள், வாங்குங்கள். நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பேட்ஜ் இரண்டு தேவைக்கு உதவுகிறது, ஒன்று அகலம், இன்னொன்று பக்கம். எனக்கு அகலம் இல்லாமல் முடியாது, கொஞ்சம் தூரம் என்றால் உருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்றால், தெருவில் கட்டணம் கட்டி நிறுத்தும் இடங்களில் பேட்ஜோடு நிறுத்தலாம், பெரும்பாலான ஊர்களில் அது இலவசம். மற்றவர்கள் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டிலும், ஏற்றி இறக்கத் தடை இல்லையென்றால், 3 மணி நேரம் வரை நிறுத்தலாம், பேட்ஜோடு தரும் கடிகார அட்டையில் வந்த நேரத்தைத் திருப்பி வைத்தால் போதும். அப்படி ஒரு இடம் இருக்கும்போது அகலமான இடத்தை எங்களுக்கு விட்டால் நன்றாக இருக்கும்.

குறிஞ்சி:

சக்கரம் அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அகலம், பக்கம் என்று பிரித்துச் சொன்னது எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. நான் இனிமேல் அப்படித்தான் செய்வேன், எனக்குத் தேவை பக்கம் மட்டும்தான்.

எனக்கு வயது முப்பத்து நான்கு, க்ரோன் நோய். குடல் நோய் என்றுதான் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது மூட்டுகளையும் பிடிக்கும், எனக்கு இடுப்பையும் முதுகையும் பிடித்திருக்கிறது. நல்ல நாளில் நானும் எல்லோரையும் போல நடப்பேன். மோசமான நாளில் வலியோடு, எந்த நிமிஷம் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்குமோ என்ற பயத்தோடு ஒவ்வொரு அடியாக வைப்பேன். இரண்டு முறை வழியிலேயே நேர்ந்துவிட்டது. ஒரு பெரிய மனுஷி நடுரோட்டில் அப்படி நிற்பது என்னவென்று எழுத எனக்கு வார்த்தை இல்லை.

அகிலன் அம்மா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டீர்கள். சொல்வார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு முதியவர் கண்ணாடியைத் தட்டி "இது உன் பாட்டியின் பேட்ஜா" என்று கேட்டார். முதல் முறை நான் பேச்சே வராமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன், போன வேலையையும் செய்யவில்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன், பேட்ஜை எடுத்துக் காட்டச் சொல்லும் அதிகாரம் போலீசுக்கும் பார்க்கிங் அதிகாரிகளுக்கும் கவுன்சிலின் அனுமதி பெற்ற ஆட்களுக்கும் மட்டும்தான். வழியில் போகிறவருக்கு நான் என் குடலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. புகைப்படம் இருக்கும் பக்கம் கீழே பார்த்துத்தான் வைப்போம், அதனால் யாருடைய பேட்ஜ் என்பது வெளியே தெரியாது, சந்தேகம் வருவது இயல்பு, அதைக்கூட நான் புரிந்துகொள்கிறேன். இப்போது யாராவது கேட்டால் "என் பேட்ஜ்தான், எல்லா நோயும் வெளியில் தெரியாது" என்று ஒரே வரி. கோபமில்லாமல் சொல்லப் பழகிக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

இன்னொன்று. எனக்கும் முதல் முறை நிராகரித்தார்கள். நோயின் பெயரைப் பெரிதாக எழுதி, மருத்துவமனைக் கடிதங்களை அடுக்கி அனுப்பியிருந்தேன். நோயின் பெயருக்குப் பேட்ஜ் கிடையாது, தாழ்வாரம் அக்கா சொன்னதுதான் சரி. இரண்டாம் முறை காரிலிருந்து வாசல் வரை என்ன ஆகிறது என்று மட்டும் எழுதினேன், வெட்கத்தை விட்டு எழுதினேன். கிடைத்தது.

வடலி:

நல்ல திரி இது. நான் அப்பாவுக்காக வாசிக்க வந்தேன், என் அனுபவத்தையும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, டிமென்ஷியா. கால் இரண்டும் என்னுடையதைவிடப் பலம். காரால் இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டத் திரும்பினால் ஆள் இருக்கமாட்டார். ஒருநாள் தரிப்பிடத்தில் காணாமல் போய், பக்கத்துப் பெருந்தெருவின் நடுவில் நின்று வாகனங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். தான் ஊரில் பஸ் மறிப்பதாக நினைத்துக்கொண்டாராம்.

நாங்கள் விண்ணப்பிக்கப் போனபோது முதலில் விளங்காமல் போனது இதுதான். ஓய்வூதிய வயதுக்குப் பிறகு புதிதாக உதவி கேட்பவர்களுக்கு பிப் இல்லை, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற கொடுப்பனவுதான். அதில் நடமாட்டத்துக்கென்று ஒரு பகுதியே கிடையாது. ஆகவே அதை எவ்வளவு வாங்கினாலும் அதைக் காட்டித் தானாகப் பேட்ஜ் எடுக்க முடியாது. டிமென்ஷியா பெரும்பாலும் அந்த வயதில்தான் வருகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். என்னோடு தொலைபேசியில் கதைத்த ஒருவர் "அப்படியானால் தகுதி இல்லை" என்றே சொல்லிவிட்டார், நாங்களும் எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டோம். பிறகு நினைவுக் கிளினிக்கில் இருந்த தாதி ஒருவர்தான் மதிப்பீட்டு வழி இருக்கிறது, போடுங்கள் என்றார். அவரே கடிதமும் தந்தார். குடும்ப வைத்தியரின் கடிதத்தைவிட, அப்பாவைப் பார்த்துப் பழகிய அந்தத் தாதியின் கடிதம்தான் எங்களுக்கு உதவியது என்று நினைக்கிறேன்.

பேட்ஜ் ஆளுக்குத்தான், காருக்கு இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்பா யாருடைய காரில் போனாலும் கொண்டுபோய் வைக்கலாம், என் தங்கையின் காரிலும் அதைத்தான் வைக்கிறோம். ஆனால் அப்பா வீட்டில் இருக்கும்போது அவருக்கு மருந்து வாங்கத்தானே போகிறோம் என்று நாங்கள் அதைப் பாவிக்கக் கூடாது. அது முறைகேடு, 1,000 பவுண்டு வரை அபராதம் விழும். நம்முடைய ஆட்களில் சிலர் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள், நான் கண்டிருக்கிறேன். சக்கரம் அண்ணாவுக்கு இடம் இல்லாமல் போவதற்கு அகிலனைப் போன்ற பிள்ளைகளைவிட இவர்கள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

தாழ்வாரம்:

சக்கரம் சொன்ன மஞ்சள் கோடு விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. அவர் கேட்பது நியாயம், குறிஞ்சிக்கு அது பொருந்தும். அகிலனுக்குப் பொருந்தாமல் போகலாம். ஓடிப்போகிற பிள்ளையை வண்டிகள் போய்வரும் தெருவோரத்தில் இறக்குவது கார் பார்க்கைவிட ஆபத்து. அப்புறம் இப்படிப்பட்ட பிள்ளையை இறக்கும்போது கதவை அகலமாகத் திறந்து, பெரியவர் குறுக்கே நின்று, காதுமூடியை மாட்டி, கையைப் பிடித்த பிறகுதான் காலைத் தரையில் வைக்கவிட வேண்டும். ஆகவே அவனுக்கும் அந்த 1.2 மீட்டர் தேவைப்படலாம். இதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

லண்டன் நடுவில் இருக்கும் சில பகுதிகளில், வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் அண்ட் செல்சி, சிட்டி ஆஃப் லண்டன், கேம்டனில் ஒரு பகுதி, அங்கெல்லாம் பேட்ஜுக்கான சலுகைகள் வேறு மாதிரி, போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கடைகள், தனியார் கார் பார்க்குகளும் இந்தத் திட்டத்துக்குள் வராது. 2010 சமத்துவச் சட்டப்படி அவர்கள் நியாயமான வசதி செய்து தர வேண்டும், ஆனால் கட்டணம், நேரம் எல்லாம் அவர்கள் பலகையில் போட்டிருப்பதுதான்.

சக்கரம்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். தெருவோரத்தில் ஓடுவான் என்பதை நான் யோசிக்கவில்லை. அகிலன் அம்மா, அகலமான இடத்திலேயே நிறுத்துங்கள். கோட்டின் மேல் மட்டும் யாரையும் விடாதீர்கள்.

வடலி சொன்னதற்கு இரு கை தூக்கி ஆமாம். இறந்துபோன உறவினரின் பேட்ஜைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவரை எனக்கே தெரியும். நேரில் சொன்னேன், இப்போது என்னோடு பேசுவதில்லை.

நந்தவனம்:

என் மகளுக்கு இப்போது பதினைந்து. ஐந்து வருஷமாகப் பேட்ஜ் இருக்கிறது. இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

பள்ளியில் சென்கோ ஆசிரியரிடம் (சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளைக் கவனிக்கும் ஆசிரியர்) கடிதம் கேளுங்கள். வெளியே கூட்டிப் போகும் நாட்களில் அவனுக்கு எத்தனை பேர் துணை வருகிறார்கள், ஒருவரா இருவரா, என்று எழுதச் சொல்லுங்கள். ஈஎச்சிபி (பிள்ளையின் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் தேவைகளை எழுதிய திட்டம்) இருந்தால் அதில் சாலைப் பாதுகாப்பு பற்றி இருக்கும் பக்கத்தை நகல் எடுத்து வையுங்கள். நாங்கள் ஒரு மாதம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினோம், எங்கே போனோம், எங்கே நிறுத்தினோம், என்ன ஆனது. எழுத எழுத எனக்கே அழுகை வந்தது, ஏனென்றால் நாங்கள் போகாமல் விட்ட இடங்கள்தான் அதில் பாதி. அதையும் எழுதுங்கள். வெளியே போவதையே நிறுத்திவிட்டால் "சம்பவம் ஒன்றும் இல்லை" என்று ஆகிவிடும், பயந்து வீட்டிலேயே இருக்கிறோம் என்பது காகிதத்தில் தெரியாது.

இன்னொன்று, பேட்ஜ் அதிகபட்சம் மூன்று வருஷத்துக்குத்தான், முடிந்ததும் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். முதல் விண்ணப்பத்தின் நகலைப் பத்திரமாக வையுங்கள். பதினாறு வயதில் டிஎல்ஏ போய் பிப் வரும், அப்போது எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். நாங்கள் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறோம்.

மாமியார் விஷயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. நான் வாதாடவில்லை. ஒருநாள் என்னோடு வாருங்கள் என்று கூட்டிப் போனேன், மகளின் ஒரு கையை அவரிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அகிலன்அம்மா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு இதை எல்லாம் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். சக்கரம் அண்ணா எழுதிய இரண்டையும் அவரே மறுபடி வாங்கிப் படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "நான் யாருக்காகக் கவலைப்பட்டேனோ அவரே கேள் என்கிறார்" என்றார். மறுபரிசீலனைக் கடிதத்தை அவரே எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், என்னைவிட அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும்.

கைப்பட்டை வாங்கி இரண்டு மாதம் முயன்றோம், மணிக்கட்டில் கன்றிப்போகும் அளவுக்கு இழுத்தான், விட்டுவிட்டோம். இது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது, முதல் விண்ணப்பத்தில் எழுதவில்லை. போகாமல் விட்ட இடங்களும் எழுதவில்லை. நீச்சல் வகுப்பு, பல் மருத்துவர், என் தோழியின் வீட்டு விசேஷம், எல்லாம் அதில் வரும்.

நந்தவனம் சொன்னபடி ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். இன்று காலை நூலகத்துக்குப் போனோம், கணவரும் வந்தார். வாசலுக்கு எதிரிலேயே சாதாரண இடம் ஒன்று காலியாக இருந்தது, பன்னிரண்டு அடி கூட இருக்காது. கையைப் பிடித்தபடியே உள்ளே போய்விட்டான். முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன், தேதி போட்டு, "பக்கத்தில் நிறுத்தினோம், ஒன்றும் ஆகவில்லை" என்று. தாழ்வாரம் அக்கா, இப்படி நல்லபடியாக முடிந்த நாட்களையும் எழுதலாமா, இல்லை அதைப் பார்த்துத் தேவை இல்லை என்று சொல்லிவிடுவார்களா?

தாழ்வாரம்:

கட்டாயம் எழுதுங்கள். பக்கத்தில் நிறுத்திய நாளையும் தூரத்தில் நிறுத்திய நாளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறவருக்கு வேறு எதுவும் விளக்க வேண்டியதில்லை. எத்தனை அடி என்பதை மட்டும் ஒவ்வொரு நாளும் குறித்துவிடுங்கள்.